கடுகண்ணாவைக் கோபுரம்: ஒரு ராணுவச் சாலையின் நினைவுச்சின்னத்தில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை?

கொழும்பில் இருந்து கண்டிக்கு வேனில் போயிருக்கிறீர்களா? லாங் வீக்கெண்டுக்கு இலங்கை போய் வருவது இப்போது சென்னை, கோவை ஆபீஸ் நண்பர்களிடையே சாதாரண விஷயம். அப்படிப் போனவர்கள் இந்த இடத்தைக் கடந்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். ஏ1 நெடுஞ்சாலையில் மாவனெல்லை தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். வளைந்து வளைந்து மேலே போனால் ஒரு பெரிய பாறை, அதன் நடுவே குடைந்த பழைய வழி. அதையும் கடந்தால் கடுகண்ணாவை என்ற சின்ன ஊர். சாலையோரத்தில் வெள்ளையாக, கடலே இல்லாத இடத்தில் கலங்கரை விளக்கம் மாதிரி ஒரு கோபுரம் நிற்கும்.

அதுதான் டாசன் கோபுரம். உயரம் நூறடிக்கு மேல். உள்ளே மரத்தாலான சுழல் படிக்கட்டு. அடியில் ஒரு கல்வெட்டு. பெரும்பாலான வேன்கள் அங்கே நிற்பதில்லை. டீக்கடை இருந்தால்தான் நிற்கும்.

கல்வெட்டு சுருக்கமாகச் சொல்வது இதுதான்: ராயல் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த கேப்டன் டபிள்யூ. எஃப். டாசன் தன் அறிவாலும் திறமையாலும் இந்தச் சாலையைத் திட்டமிட்டு, நிறைவேற்றினார். 1829 மார்ச் 28 அன்று கொழும்பில் இறந்தார். இலங்கையில் இருந்த அவருடைய நண்பர்களும் அபிமானிகளும் சந்தா திரட்டி 1832-ல் இந்தச் சின்னத்தை எழுப்பினார்கள்.

என் வேலை எண்ணுவது. அதனால் இந்தக் கல்வெட்டையும் எண்ணிப் பார்த்தேன். பெயர் சொல்லிப் போற்றப்பட்டவர்: டாசன். பெயர் இல்லாமல் குறிப்பிடப்பட்டவர்கள்: பணம் கொடுத்த நண்பர்கள். மண் வெட்டியவர்கள், பாறை உடைத்தவர்கள்: 0. இந்தப் பூஜ்யம் எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. அந்தப் பூஜ்யத்துக்கும் தமிழ்நாட்டில் இருந்து கடல் தாண்டிப் போன லட்சக்கணக்கான குடும்பங்களுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது.

சாலை இல்லாததுதான் கண்டியின் கோட்டை

இன்று சாலை என்றால் வளர்ச்சி என்று நினைக்கிறோம். கண்டி ராஜ்யத்துக்குச் சாலை என்றால் ஆபத்து. இலங்கையின் கடலோரத்தைப் போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், பிரிட்டிஷார் என்று மாறி மாறிப் பிடித்தார்கள். மலைக்குள் இருந்த கண்டி மட்டும் 1815 வரை விழவில்லை. காரணம் பெரிய படை இல்லை. அடர்ந்த காடு, ஒற்றையடிப் பாதை, கணவாய்களில் முள்வேலிப் படல் போட்ட காவல் வாயில்கள். சிங்களத்தில் இப்படிப்பட்ட வாயிலுக்கு ‘கடவத்த’ என்று பெயர். இதே கண்டிச் சாலையில் அந்தப் பெயரில் இன்றும் ஒரு ஊர் இருக்கிறது. கடுகண்ணாவைக்குப் பக்கத்து மலையில் பலன என்ற இடத்தில் ஒரு காவல் கோட்டையும் இருந்தது. யார் வந்தாலும் அங்கிருந்து தெரியும்.

வந்தவர்கள் திரும்பிப் போவது கஷ்டம். 1594-ல் தந்துரேயிலும், 1638-ல் கன்னொறுவையிலும் போர்ச்சுகீசியப் படைகள் அழிந்தன. 1803-ல் பிரிட்டிஷார் கண்டி நகரைப் பிடித்தே விட்டார்கள். ஆனால் சாப்பாடும் மருந்தும் மேலே போகவில்லை. காய்ச்சலில் பாதிப் படை படுத்தது. மேஜர் டேவி சரணடைந்து வெளியேறியபோது அவருடைய படை கொல்லப்பட்டது.

1815-ல் நடந்தது வேறு கதை. கண்டிப் பிரபுக்களில் ஒரு பகுதியினர் மன்னரைக் கைவிட்டார்கள். அந்த மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், இயற்பெயர் கண்ணுசாமி. மதுரை நாயக்கர் வழி வந்தவர். பிப்ரவரியில் பிடிபட்டார், மார்ச் 2 அன்று கண்டி ஒப்பந்தம் கையெழுத்தானது, அவரை வேலூர்க் கோட்டைக்குக் கொண்டு போனார்கள்.

இரண்டே வருடத்தில் ஊவா-வெல்லச பகுதியில் பெரிய கிளர்ச்சி வெடித்தது. 1817, 1818 இரண்டு ஆண்டும் நீடித்த அதை, ஊர்களை எரித்தும் பயிரை அழித்தும்தான் பிரிட்டிஷாரால் அடக்க முடிந்தது. அவர்கள் பக்கத்தில் சண்டையில் செத்தவர்களை விட நோயில் செத்தவர்கள் அதிகம். இதில் அவர்கள் கற்ற பாடம் ஒன்றுதான்: மலைநாட்டைப் பிடிப்பது வேறு, வைத்துக்கொள்வது வேறு. வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் பீரங்கியும் அரிசியும் மழைக்காலத்திலும் மேலே போக வேண்டும்.

அப்போ, சாலையை யார் போட்டது?

பதில் யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கொள்கை அளவில் கேட்டால் எட்வர்ட் பார்ன்ஸ். வாட்டர்லூ போரில் காயம்பட்டவர். 1820-ல் இருந்து 1822 வரை தற்காலிக ஆளுநர், பிறகு 1824-ல் இருந்து 1831 வரை ஆளுநர். கொழும்பு கோட்டைப் பகுதியில் ஜனாதிபதி மாளிகை முன்பு இவருக்குச் சிலை உண்டு. கொழும்பில் இருந்து கிளம்பும் சாலைகளின் தூரத்தை அந்தச் சிலையில் இருந்துதான் அளந்தார்கள். யோசித்துப் பாருங்கள்: கண்டிச் சாலையின் ஒவ்வொரு மைல்கல்லும் ஒரு விதத்தில் பார்ன்ஸிடம் இருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

தொழில்நுட்ப அளவில் கேட்டால் டாசன். அவருக்குக் கீழே தாமஸ் ஸ்கின்னர் மாதிரி இளம் அதிகாரிகள். ஸ்கின்னர் 1820-ல் இந்தச் சாலையில் ஒரு பகுதிக்குப் பொறுப்பேற்றபோது வயது 16. இன்றைக்குப் பிளஸ் ஒன் படிக்கிற வயசு. கையில் சாலைப் பொறியியல் அனுபவம் எதுவும் இல்லை. ஆனால் உத்தரவு போட்டால் வேலை செய்ய நூற்றுக்கணக்கான ஆட்கள் இருந்தார்கள்.

அந்த ஆட்கள் யார்? இங்கேதான் கல்வெட்டு மௌனமாகிறது.

பெரும்பகுதி கண்டி நாட்டு விவசாயிகள். அவர்களை வேலைக்கு இழுத்தது ‘ராஜகாரியம்’ என்ற பழைய முறை. மன்னராட்சியில் நிலம் அனுபவிக்கிற குடும்பம் அதற்கு ஈடாக மன்னருக்கு ஏதாவது சேவை செய்ய வேண்டும்: ஒருவர் கோயில் வேலை, ஒருவர் யானை பிடிப்பது, ஒருவர் குளக்கரை கட்டுவது. சாதியும் நிலமும் எந்த வேலை யாருக்கு என்று தீர்மானித்தன. நல்ல முறை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதற்கு ஒரு வரம்பு இருந்தது; குளம் வெட்டினால் அந்தத் தண்ணீர் வெட்டியவர் வயலுக்கே வரும்.

பிரிட்டிஷார் மன்னரை அகற்றினார்கள், மன்னருக்குச் சேர வேண்டிய உழைப்பை மட்டும் தங்கள் கணக்கில் மாற்றிக்கொண்டார்கள். குளக்கரைக்குப் போன ஆள் இப்போது சாலைக்குப் போனான். தன் ஊரைப் பிடித்து வைத்துக்கொள்ளப் போடும் சாலையைத் தானே கூலி இல்லாமல் வெட்டினான். ஒரு ஸ்டார்ட்அப்பை வாங்கிய கம்பெனி, பழைய ஓனர் கொடுத்த சலுகைகளை நிறுத்திவிட்டு நோட்டீஸ் பீரியட் நிபந்தனையை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அதுதான்.

இரண்டாவது குழு பயோனியர் படை. ராணுவத்தின் கீழ் இயங்கிய தொழிலாளர் படை இது. தென்னிந்தியாவில் இருந்தும் இதற்கு ஆள் எடுத்தார்கள். காப்பித் தோட்டத்துக்குத் தமிழர்கள் வந்த கதை நமக்குத் தெரியும். அதற்கு முன்பே சாலை வேலைக்கு வந்தவர்களும் உண்டு என்பது அவ்வளவாகத் தெரியாது.

பாறையைக் குடைந்த வழிக்கு ஒரு வாய்மொழிக் கதை உண்டு. மலையைத் துளைத்து வருகிறவன்தான் கண்டியை ஆள முடியும் என்று பழைய நம்பிக்கை இருந்ததாகவும், அதைத் தெரிந்துகொண்டே பிரிட்டிஷார் பாறையைச் சுற்றிப் போகாமல் துளைத்ததாகவும் சொல்வார்கள். கதை எவ்வளவு உண்மையோ, அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிய தேவை அங்கே இருந்தது. தோற்றுப் போனதற்கு விதியையாவது காரணம் காட்ட வேண்டுமே. இப்போது வண்டிகள் பாறைக்கு வெளியே போடப்பட்ட தடத்தில் போகின்றன. துளை அப்படியே இருக்கிறது, இறங்கி நடக்கலாம்.

1832: ஒரே வருடம், நான்கு சம்பவங்கள்

கோபுரத்தில் இருக்கும் 1832 என்ற எண்ணை ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு, அதே வருடத்தில் வேறு என்ன நடந்தது என்று தேடினால் ஆச்சரியமாக இருக்கும்.

ஜனவரி 30. வேலூரில் கைதியாகவே இருந்த கண்டியின் கடைசி மன்னர் இறந்தார். பாலாற்றங்கரையில் அவருடைய கல்லறை இருக்கிறது. 1990-ல் தமிழக அரசு அங்கே ஒரு மண்டபம் கட்டியது. வேலூர்க்காரர்கள் ‘முத்து மண்டபம்’ என்றால் வழி சொல்வார்கள்.

பிப்ரவரி. கொழும்பு–கண்டி குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. ஆசியாவின் முதல் தபால் வண்டிச் சேவை இதுதான் என்று சொல்வதுண்டு.

ஏப்ரல். லண்டனில் பிறந்த ஓர் அரசாணை ராஜகாரியத்தை ஒழித்தது. லண்டன் அனுப்பிய கோல்புரூக் ஆணைக்குழுவின் பரிந்துரை அது. கட்டாய உழைப்பு மக்களைக் கசக்குகிறது, சுதந்திரமான கூலிச் சந்தை உருவாகவும் தடையாக இருக்கிறது என்பது குழுவின் வாதம். பார்ன்ஸ் கடைசி வரை எதிர்த்தார். அவர் சாலைகளே இந்த முறையால்தான் சாத்தியமாகின.

நான்காவது, கோபுரம். கட்டாய உழைப்பு தவறு என்று அரசே ஒப்புக்கொண்ட அதே வருடம், அந்த உழைப்பில் உருவான சாலைக்கு நினைவுச்சின்னம் எழும்பியது. அதில் உழைப்பைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இதைச் சதி என்று சொல்ல மாட்டேன். நண்பன் செத்துப் போனால் நண்பர்கள் நண்பனைப் பற்றித்தான் எழுதுவார்கள். ஆனால் சாலையோரத்தில் கல் நட இடமும் பணமும் அவர்களிடம்தான் இருந்தது. மற்றவர்கள் தங்கள் செத்தவர்களைப் பற்றி எங்கே எழுதுவது?

ராணுவச் சாலை காப்பிச் சாலை ஆனது

ஒரு பாதை போட்டுவிட்டால் அதில் படை மட்டும் போகாது. 1820களின் நடுவில் ஜார்ஜ் பேர்ட் கம்பளைக்கு அருகே வணிக ரீதியில் காப்பி பயிரிட்டார். ஆளுநர் பார்ன்ஸே கன்னொறுவையில் ஒரு காப்பித் தோட்டம் வைத்திருந்தார். கன்னொறுவை எங்கே இருக்கிறது? பேராதனைக்குப் பக்கத்தில், கண்டிச் சாலை முடிகிற இடத்தில். காப்பி ஏற்றுமதி வரியை நீக்கியதும் அவர் ஆட்சியில்தான். இன்றைக்கு ஒரு அமைச்சர் தன் நிலத்துக்குப் பக்கத்தில் எட்டுவழிச் சாலை போட்டு, தன் பொருளுக்கு வரியையும் நீக்கினால் நாம் என்ன தலைப்பு வைப்போம் என்று யோசித்தேன்.

சாலை இல்லாமல் மலைநாட்டுக் காப்பி லாபமாகாது. காப்பி மூட்டையைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர மாட்டு வண்டி வேண்டும். மாட்டு வண்டிக்கு அகலமான, பாலம் போட்ட பாதை வேண்டும். களனி ஆற்றுக்கு 1822-ல் படகுப் பாலம் வந்தது. பேராதனையில் மகாவலி ஆற்றின் மேல், ஆணியே அடிக்காமல் முதிரை மரத்தில் 205 அடி நீளத்துக்கு ஒரே வளைவாக ஒரு பாலம் 1830களின் தொடக்கத்தில் எழுந்தது. சாலை வந்தது, பாலம் வந்தது, காப்பி பெருகியது. ஆள்தான் போதவில்லை. சொந்த வயல் வைத்திருந்த கண்டி விவசாயி தோட்டத்தில் தினக்கூலியாக வரத் தயாராக இல்லை.

அந்த இடைவெளியில்தான் நம் ஊர் வருகிறது. ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சை, மதுரை, சேலம் பக்கங்களில் பஞ்சம், கடன், சாதியின் பேரால் பண்ணையில் அடிமைப்பட்ட வாழ்க்கை. கங்காணி வந்து முன்பணம் கொடுப்பார். அந்தக் கடனோடு ஆட்கள் ராமநாதபுரம் கரையில் தோணி ஏறி மன்னார்ப் பக்கம் இறங்குவார்கள். அங்கிருந்து மாத்தளை வரை, வறண்ட காட்டுக்குள், 200 கிலோமீட்டருக்கு மேல் நடை. ஆரம்ப காலத்தில் பலர் காப்பி அறுவடைக்குப் போய், முடிந்ததும் அதே வழியில் நடந்தே திரும்பினார்கள். குடிநீர் இல்லை, காலரா, மலேரியா. விழுந்தவர்களை அங்கங்கே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள்.

இரண்டு பாதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொழும்பு–கண்டி: கல் பாவிய சாலை, மைல்கல், தபால் வண்டி, இறந்துபோன ஒரு கேப்டனுக்கு நூறடிக் கோபுரம். மன்னார்–மாத்தளை: அதே காப்பிப் பொருளாதாரத்துக்கு ஆள் கொண்டுவந்த பாதை, வழியில் இறந்தவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை. முதல் பாதை ஏற்றுமதிச் செலவைக் குறைத்தது என்றால், இரண்டாவது பாதையின் செலவை நடந்தவர்களே ஏற்றுக்கொண்டார்கள்.

சாலை தன் முதல் வேலையை மறக்கவில்லை

1848-ல் டோரிங்டன் பிரபு ஆளுநர். துப்பாக்கி, நாய், கடை என்று வரிகள் வந்தன. கூடவே ஒரு சாலைச் சட்டம்: வயது வந்த ஒவ்வொரு ஆணும் வருடத்துக்கு 6 நாள் சாலையில் வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் 3 ஷில்லிங் கட்ட வேண்டும். 16 வருடம் முன்பு ஒழித்த ராஜகாரியமே வேறு சட்டை போட்டு வந்துவிட்டது என்று கண்டி மக்கள் நினைத்ததில் வியப்பில்லை. ஜூலையில் மாத்தளையில் கிளர்ச்சி. படைகள் சாலை வழியே விரைவாக வந்தன, ராணுவச் சட்டம் அமலானது, புரன் அப்பு ஆகஸ்ட் 8 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். 1818-ல் மாதக்கணக்கில் இழுத்த வேலை, இந்த முறை சில நாட்களில் முடிந்தது.

இந்த உத்தி இலங்கைக்கு மட்டும் உரியதும் அல்ல. ஸ்காட்லாந்து மலைநாட்டில் 1715 கிளர்ச்சிக்குப் பிறகு ஜெனரல் வேட் இதே காரணத்துக்காகத்தான் சாலைகள் போட்டார். 1745-ல் கிளர்ச்சிக்காரர்கள் அவர் போட்ட சாலைகளையே பயன்படுத்திப் படை நடத்தினார்கள் என்பது தனிச் சிரிப்பு.

வேறு மாதிரிச் சின்னங்கள் உண்டா?

உண்டு, ஆனால் அரசு நட்டவை அல்ல. கேரளத்தில் கோழிக்கோட்டில் இருந்து வயநாடு ஏறும் தாமரச்சேரி சுரத்தில், உச்சியில் லக்கிடி என்ற ஊர். அங்கே சாலையோரம் ஒரு மரத்தில் பெரிய இரும்புச் சங்கிலி தொங்கும். கரிந்தண்டன் என்ற பணியர் பழங்குடி இளைஞர்தான் மலை ஏறும் வழியை வெள்ளைக்காரப் பொறியாளருக்குக் காட்டினார், பெருமை தனக்கே சேர வேண்டும் என்று அந்தப் பொறியாளர் அவரைக் கொன்றார், அலைந்த ஆவியை இந்த மரத்தில் கட்டினார்கள் என்பது ஐதீகம். ஆவணச் சான்று கேட்டால் கிடைக்காது. ஆனால் கவனியுங்கள், இந்தக் கதையில் பெயர் இருப்பது வழி காட்டியவருக்கு. பொறியாளருக்குப் பெயரே இல்லை. கடுகண்ணாவைக் கல்வெட்டை அப்படியே தலைகீழாகத் திருப்பியது போல.

இன்னொன்று கல்லால் ஆனதே இல்லை. மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு நிறைவானதை ஒட்டி, 2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரில் ஒரு நடைபயணம் தொடங்கி ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையில் முடிந்தது. முன்னோர் நடந்த அதே வழி, 16 நாள். நினைவஞ்சலி மட்டும் நோக்கமில்லை. காணி உரிமை, வீடு, நியாயமான சம்பளம், இந்த நாட்டை உருவாக்கியதில் தங்கள் பங்குக்கு அங்கீகாரம் என்று கோரிக்கைகள் இருந்தன.

அங்கீகாரம் என்பது இங்கே வெறும் உணர்ச்சி விஷயம் கிடையாது. 1948 குடியுரிமைச் சட்டம் இவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் உங்கள் வகுப்பில் ‘தாயகம் திரும்பியோர்’ குடும்பத்துப் பிள்ளைகள் இருந்திருந்தால், அந்தக் கணக்கின் ஒரு வரி அவர்கள். வந்தேறிகள், தற்காலிகக் கூலிகள் என்று ஒரு சமூகத்தை ஒதுக்க முடிந்ததற்கு, அவர்கள் கட்டிய எதிலும் அவர்கள் பெயர் இல்லாததும் ஒரு காரணம்.

அடுத்த முறை போனால்

கடுகண்ணாவையில் வேனை நிறுத்தச் சொல்லுங்கள். அரை மணி நேரம் போதும். முதலில் துளையிட்ட பாறைக்குள் நடந்து பாருங்கள். சுவர் எவ்வளவு கரடுமுரடாக இருக்கிறது என்பதைத் தொட்டுப் பாருங்கள். பிறகு கோபுரத்தின் கல்வெட்டை முழுசாகப் படியுங்கள். ஊரிலேயே தேசிய ரயில்வே அருங்காட்சியகமும் இருக்கிறது. 1867-ல் கண்டிக்கு ரயில் வந்ததும் இந்தச் சாலையின் காப்பி வண்டிகள் எப்படிக் காணாமல் போயின என்பதை அங்கே ஊகிக்கலாம்.

நேரம் இருந்தால் திரும்பும்போது மாத்தளை வழியாக வடக்கே, தம்புள்ளைப் பக்கம் ஒரு பத்து கிலோமீட்டர் போய்ப் பாருங்கள். சாலை நன்றாக இருக்கும். இரண்டு பக்கமும் கிலோமீட்டர் கற்கள் வரும்.